மொட்டையும் இரண்டு பலூன்களும்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன். வீட்டுக்கு யாராவது வந்தால் என் கணவர், "கரண்ட் போனாலும் எங்களுக்குக் கவலை இல்லைங்க. இவ குறுக்கும் நெடுக்கும் நடந்துகினே இருப்பா, காத்து வந்துகினே இருக்கும்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

அந்த ஆடி மாதம் என் நடை இன்னும் கூடிப்போனது. காரணம் ஒரு போன். எங்கள் திருத்தணியிலேயே ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியர் தேவை என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். அங்கிருந்து கூப்பிட்டார்கள். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் வாருங்கள் என்றார்கள். பாடத்தையும் அவர்களே சொன்னார்கள். மின்னூட்டம் பெற்ற பொருள்களுக்கு இடையே உள்ள நிலை மின்னழுத்த ஆற்றலைக் கணக்கிடுவது. போனை வைத்தவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்தது தெரியாமல் மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு அரக்கோணத்தில் ஒரு டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ரயிலைப் பிடித்து வீடு திரும்பும்போது என் கணவர் தனியாகச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். அவருக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு எடை மேடையில் வேலை. கரும்பு லாரி, ஜல்லி லாரி எல்லாம் ஏறி இறங்கும். விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் பார்த்துப் பேசுகிற குடும்பம் எங்களுடையது. இதனால் சண்டை வரும். அப்படி ஒரு சண்டையில், கோபத்தில், நானே வாயை விட்டேன். பகல் வேலையாக ஒரு பள்ளி கிடைத்தால் சரி. அடுத்து வருகிற இன்டர்வியூவும் கைவிட்டுப் போனால் டியூஷனையும் விட்டுவிடுகிறேன், பாவா கூப்பிடுகிற இடத்துக்கே போகிறேன் என்று.

பாவா என்பது என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிறார். லுங்கியும் துண்டும் நெய்கிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து பில் போடவும் போன் எடுக்கவும் நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நல்ல மனிதர், நல்ல இடம். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அதை நினைக்கவே பிடிக்காது. நான் கோபத்தில் சொன்னதைக் கணவர் அன்றைக்கே பாவாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஆக, இந்த மாதிரி வகுப்பு நன்றாகப் போனால் நான் இயற்பியல் டீச்சர். போகாவிட்டால் இயற்பியலுக்கும் எனக்கும் இருந்த உறவு அத்தோடு முடிந்தது.

அவர்கள் கொடுத்த பாடம் பிள்ளைகளுக்குப் பயம் தருகிற பாடம். கண்ணால் பார்க்க எதுவும் கிடையாது. விஷயம் என்னவோ சின்னதுதான். ஒரே வகை மின்னூட்டம் பெற்ற இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளும். அவற்றைப் பிடிவாதமாகப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க நாம் வேலை செய்தாக வேண்டும். செய்த வேலை வீணாகாது. அந்த ஜோடியிடம் ஆற்றலாகச் சேர்ந்திருக்கும். கையை விட்டால் இரண்டும் விலகி ஓடி அதைத் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவுதான். ஆனால் புத்தகம், மின்துகளை ஈறிலாத் தொலைவிலிருந்து கொண்டுவரச் சொல்லும். "ஈறிலாத் தொலைவுன்னா எவ்ளோ தூரம் மிஸ்?" என்று டியூஷனில் ஒருத்தி கேட்டபோது, "ரேணிகுண்டாவுக்கும் அந்தாண்ட" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

இந்த முறை சமாளிக்கக் கூடாது, கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு சின்னப் பலூன்களை ஊதி, ஆளுக்கு ஒரு மீட்டர் நூல் கட்டி, கூடத்து உத்தரத்தில் இருந்த ஒரே கொக்கியில் இரண்டையும் தொங்கவிட்டேன். சும்மா விட்டால் உரசிக்கொண்டு தொங்கும். தலைமுடியில் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தொங்கவிட்டால், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்கும். எவ்வளவு விலகியிருக்கின்றன என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம். பலூனின் எடை வேண்டும். என் கணவரின் எடை மேடையில் அதைப் போட முடியாது. தெரிந்த நகைக்கடையில் கொடுத்துத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தேன். கடைக்காரர் பலூனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நூலோடு இரண்டு கிராம் என்றார்.

இதற்கு மேல் இருக்கிற கணக்கில்தான் எனக்குச் சந்தோஷமே. எடையும் விலகலும் தெரிந்தால் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு தள்ளுகின்றன என்று சொல்லிவிடலாம். அந்த விசையை அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தால் பெருக்கினால் ஆற்றல் வந்துவிடும். பலூனில் எவ்வளவு மின்னூட்டம் ஏறியிருக்கிறது என்று தெரியவே வேண்டாம். புத்தகத்தில் வருகிற அந்தப் பெரிய மாறிலியும் வேண்டாம். விசைக்கான சூத்திரத்தையும் ஆற்றலுக்கான சூத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தூரம்தான் வித்தியாசம். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இது எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. தினமும் ஷாம்பூ போட்டு அலசி, எண்ணெய் தொடாமல், முடியை விரித்துப் போட்டுக்கொண்டு பலூன் தேய்த்துப் பழகினேன். எனக்கு முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. பலூன்கள் அப்படி விலகி நின்றன.

அந்தச் சமயம் பார்த்து அம்மா போன் செய்தாள். போன வருஷம் என் கணவர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்து எழுந்தால் மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்துவிட்டார். நான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"சாமிக்குச் சொன்னத செய்யாம வெச்சிகினு, நல்லது நடக்கணும்னா எப்பிடிம்மா நடக்கும்? இன்டர்வியூக்கு முன்னாடி அதை முடிச்சிடு" என்றாள் அம்மா.

எனக்கு அது சரி என்றே பட்டது. இயற்பியல் படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று யாராவது கேட்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மாதிரி வகுப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். முடி இறக்குகிற இடத்தில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். பார்த்தால் என் கணவர்.

"நீங்க இன்னாத்துக்கு? வேண்டிகினது நான்தானே?"

"உயிர் எனுதாச்சே" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. தலையில் தண்ணீர் ஊற்றியதால் யாருக்கும் தெரியவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து இறங்கினோம். மனசு லேசாக இருந்தது. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்பிக்கையாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, சரி, ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பலூனை ஊதி எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனேன். பலூன் சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வகுப்பே முடியில்தான் இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தி, வகுப்பு நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஒரு இயற்பியல் டீச்சர் இந்தக் காரியம் செய்வாளா என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் தலையும் பளபளவென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பலூனைத் தூக்கி அவர் மேல் எறிந்துவிட்டு அழுதேன். பலூன் என்பதால் அவருக்கு வலிக்கவும் இல்லை.

அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க நடந்தேன். பாலிஸ்டர் புடவையில் தேய்த்துப் பார்த்தேன், கீச்சு கீச்சென்று சத்தம் வந்ததே தவிர ஒன்றும் விலகவில்லை. கம்பளி என்ற பொருளை எங்கள் ஊர் வெயிலில் யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளின் தலையை நம்பலாமா என்று யோசித்தேன். ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடு பையன்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் இருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் தேங்காய் எண்ணெயைத் தலையில் வைத்து ஊற வைத்து, பின்னி, ரிப்பன் கட்டி அனுப்புவார்கள். எண்ணெய்த் தலையில் ஒரு பலூனும் ஏறாது. எடுத்த எடுப்பிலேயே போர்டில் சூத்திரத்தை எழுதிவிட்டு மூன்று கணக்குப் போட்டுவிட்டு வந்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக நடந்தேன்.

மறுநாள் டியூஷனுக்குப் போகும்போது ரயிலில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள். கை தடிமனுக்குப் பின்னல். ஆனால் உச்சியில் முடி அவ்வளவு இல்லை. சவுரி வைத்துப் பின்னியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே பார்த்தவள், எழுந்து நின்றுவிட்டேன். சவுரி! யாரோ கொடுத்த முடி, எண்ணெய் படாமல் கடையில் தொங்குகிற முடி. அரக்கோணம் வருவதற்கு முன்னாலேயே கதவருகில் போய் நின்றுகொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு பாய் வளையல், ரிப்பன், கிளிப் எல்லாம் வைத்து ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறார். ஓடிய ஓட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாய், சவுரி வேணும்" என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகப் பார்வையை வளையல் பக்கம் திருப்பிக்கொண்டார். "இன்னும் நாலஞ்சி மாசம் ஆவட்டும்மா. சவுரி வெக்கணும்னா கோத்துக் கட்டறதுக்குக் கொஞ்சமாவது முடி வேணுங்களே. இப்போ எதுல கட்டுவீங்க?"

"கட்டறதுக்கு இல்ல பாய். பலூன் தேய்க்கறதுக்கு."

"பலூனா?"

"ஆங்."

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இரண்டு சவுரிகளை எடுத்துப் போட்டார். ஒன்று நைலான், இன்னொன்று நிஜ முடி. கைப்பையிலிருந்து பலூனை எடுத்து அங்கேயே ஊதி, நிஜ முடியில் பரபரவென்று தேய்த்து அவர் கண்ணாடி ஷோகேஸில் வைத்தேன். ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. பாய் எழுந்து வந்து பலூனைப் பிய்த்து எடுத்து, தானும் ஒருமுறை தேய்த்து, சுவரில் இருந்த காலண்டர் மேல் ஒட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் ஒட்டினார். கடைக்கு வந்த இரண்டு பெண்கள் ரிப்பன் கேட்டுக்கொண்டு நின்றார்கள், அவர் கவனிக்கவில்லை.

மாதிரி வகுப்பு அன்று காலையில் வானம் மூடிக்கொண்டு தூறல். எனக்குக் கை கால் ஓடவில்லை. காற்றில் ஈரம் இருந்தால் பலூனில் ஏறுகிற மின்னூட்டம் நிற்காது, கசிந்து போய்விடும். சவுரியைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் நமுத்துப் போயிருந்தது. கணவர் வேலைக்குக் கிளம்பாமல் நின்று, துண்டை மேலே போட்டு அந்தச் சவுரியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். சட்டைக்குத் தேய்ப்பது போல நிதானமாகத் தேய்த்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுக்கும்போது, "பதட்டப்படாத" என்றார். இந்த வேலை கிடைத்தால் அவருக்கும் நல்லதுதான். இனிமேல் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடலாம்.

பள்ளியில் தலைமையாசிரியர் என் தலையைப் பார்த்துவிட்டு, "எப்ப போட்டீங்க? நம்ம மலையிலயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றதும் கையைக் கூப்பினார். வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நினைத்த மாதிரியே ஏழெட்டு மொட்டைகள். ஒரு மொட்டை மிஸ்ஸைப் பார்த்ததும் அவர்களுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது தெரிந்தது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியரும், அங்கே ரொம்ப காலமாக இயற்பியல் எடுக்கிற மூத்த ஆசிரியரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் ஃபேனை நிறுத்தினேன். காற்றில் பலூன் ஆடக் கூடாது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கவரிலிருந்து சவுரியை உருவி எடுத்ததும் முணுமுணுப்பு சிரிப்பாகிவிட்டது. "மிஸ், உங்க முடியா அது?" என்று ஒருத்தன் கேட்டான். "இல்லப்பா, வேற யாருதோ. எனுது மலையில கீது" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் பயம் போய்விட்டது.

தேய்த்து, வகுப்பில் இருந்த ஒரு கொக்கியில் தொங்கவிட்டேன். பலூன்கள் விலகி நின்றன. முதல் பெஞ்சுப் பெண் வந்து அளந்தாள். ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரைக்கும் இருபது சென்டிமீட்டர். அதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஈரம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது, நாம் பேசப் பேச இவை நெருங்கிக்கொண்டே வரும். வேகமாகப் போர்டில் எழுதினேன். நூல் நூறு சென்டிமீட்டர், ஒவ்வொரு பலூனும் பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் பக்கவாட்டில் தள்ளுகிற விசையும் பலூன் எடையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. இரண்டு கிராமின் எடை தோராயமாக 0.02 நியூட்டன். அதில் பத்தில் ஒன்று 0.002. அதை இடைவெளியான 0.2 மீட்டரால் பெருக்கினால் 0.0004 ஜூல்.

"அவ்ளோதானா மிஸ்?" என்றான் ஒருத்தன்.

"அவ்ளோதான். ஒரு அரிசியைத் தரையிலேர்ந்து எடுத்துப் பரண்மேல வெக்கறதுக்கு எவ்ளோ ஆற்றல் வேணுமோ, அவ்ளோதான் இதுங்க ரெண்டுக்கும் நடுவுல கீது."

மூன்றாவது பெஞ்சிலிருந்து எண்ணெய் வழிகிற பின்னலோடு ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், அது எந்த பலூன்ல கீது? இதுலயா, அதுலயா?"

எத்தனையோ வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. டியூஷனில் யாரும் இதைக் கேட்டதில்லை. ஒரு பலூனைக் கழற்றி அவளிடமே கொடுத்து, கதவுப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். கொக்கியில் மீதியிருந்த பலூன் நேராகத் தொங்கியது. "இப்போ சொல்லு, எங்க கீது?"

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். தொங்குவதைப் பார்த்தாள். "இல்ல மிஸ். ரெண்டும் பக்கத்துல இருந்தப்பதான் இருந்துச்சி."

"ஆங். இதுலயும் இல்ல, அதுலயும் இல்ல. ரெண்டும் சேர்ந்து நிக்கற நெலைமையில கீது. நீ எடுத்துகினு போனப்ப உன் கையை லேசா தள்ளிகினே வந்திருக்கும். அங்கதான் செலவாச்சி." சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

கடைசி பெஞ்சிலிருந்து மூத்த ஆசிரியர் குரல் கொடுத்தார். "மேடம், சூத்திரத்தையே நீங்க போர்டுல எழுதலியே. பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?"

நியாயமான கேள்விதான். நான் திரும்பி, விசைக்கும் ஆற்றலுக்கும் உள்ள சூத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒன்று மற்றதிலிருந்து எப்படி வருகிறது என்று காட்டத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவுப் பக்கம் போன பெண் தன் பலூனை மறுபடி கொக்கியில் மாட்டியிருந்தாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு தொங்கின. தலைமையாசிரியர் எழுந்து, "நல்லா இருந்துச்சிம்மா. சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாள்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். குளிக்கப் போகும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். கடன் கொடுப்பதாகச் சொல்லும் போன்களுக்கெல்லாம் முதல் மணியிலேயே "ஹலோ சொல்லுங்க" என்று பாய்ந்தேன். கடைசியில், டியூஷன் லீவாக இருந்த ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியரிடமிருந்து அந்த போன் வந்தது.

"நீங்க எடுத்த கிளாஸைப் பசங்க இன்னும் பேசிகினு இருக்கறாங்கம்மா. ஆனா எங்களுக்குப் போர்ஷன் முடிக்கறவங்க வேணும். ஒரு மணி நேரத்துல ஒரே கணக்குன்னா கட்டுப்படியாவாது. வேற ஒருத்தரை முடிவு பண்ணிட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லைங்க" என்றேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல வகுப்புக்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "சரி வுடு. பாவா, இது கெடைக்கலன்னா திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொல்லிகீறாரு" என்றார். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆமா, அந்த பலூன் கணக்குல கடைசியா எவ்ளோ வந்துச்சி?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பாடத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு அரிசியைப் பரண்மேல தூக்கி வெக்கற அளவு."

"ஒரு மூட்டையா?"

"ஒரு அரிசிங்க. ஒத்த அரிசி."

அவர் என்னையே பார்த்தார். "நான் ஒரு நாளைக்கு எத்தினி டன்னு ஏத்தி எறக்கிப் பாக்கறேன், தெரியுமில்ல? ஒத்த அரிசிக்கா நீ இத்தினி நாளா சோறு தண்ணி இல்லாம அலைஞ்ச?" கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. முதலில் கோபம் வந்தது. அப்புறம், அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று தெரிந்தது.

"ஆங். அதுக்குத்தான்" என்றேன். "நான் பாவாகிட்ட போகலைங்க. டியூஷனையும் வுடல."

"நீதானே ஒத்துகின?"

"ஒத்துகினேன். கோவத்துல ஒத்துகினது. இப்போ முடியாது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "அப்போ நாம ரெண்டு பேரும் இப்பிடியே இருக்கணுமா? நான் தூங்கினப்புறம் நீ வர்றதும், நீ எழுந்துக்கறதுக்குள்ள நான் போறதும்?"

அவர் கேட்டது நியாயம். அவர் தன் போனை எடுத்துப் பாவாவின் நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

பாவா எடுத்தார். பின்னால் தறிகள் ஓடுகிற இரைச்சல். சத்தம் போட்டுப் பேசினால்தான் கேட்கும்.

"பாவா, நான் திங்கக்கெழம வரலை பாவா."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

எங்கள் குடும்பத்தில் எதையும் மறுக்க ஒரு சாக்கு வேண்டும். உடம்பு, அம்மா, வீட்டில் விசேஷம். அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது பாவா" என்றேன். "எனக்கு அந்த வேலை புடிக்கலை. எனக்குப் பாடம் எடுக்கத்தான் புடிச்சிருக்கு."

இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னாம்மா? கேக்கல, சத்தமா சொல்லு" என்றார். ஜன்னல் பக்கம் நின்ற என் கணவருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. அவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.